இருபத்து நான்கு அடி

முப்பத்தாறு அடி டிரெய்லரை
வாங்க வந்தவர்களுக்கு வயது முப்பது இருக்கும்.
அதை டிரக்கின் முதுகில் பூட்டும் விதத்தை
வெண்டல் அவர்களுக்குக் காட்டினான்,
முழங்கால் வலியை மறைத்தபடி,
கேட்காததையும் சேர்த்து.

புது வண்டியில் எதையும் பூட்ட வேண்டாம்.
சாவியைத் திருகினால்
சமையலறையும் கூடவே கிளம்பிவிடும்.
சாய்வு நாற்காலி இரண்டும் போயிற்று,
வாஃபிள் சட்டியும், பன்னிரண்டு தட்டில் எட்டும்.
மேசையை மடித்தால்தான் கட்டில்.
ஒருவர் நடக்க வேண்டுமென்றால்
மற்றவர் உட்கார்ந்தாக வேண்டும்.

வருத்தமில்லை. ஒன்றைத் தவிர.

பதினோரு வருடம்
யூமா, மோவாப், பெயர் மறந்துபோன ஏரிக்கரைகள்,
எல்லா இடத்திலும்
பின்னால் நின்று கை காட்டியவள் நான்.
இடது, இன்னும் இடது, போதும்,
போதும் என்றேனே, காதில் விழவில்லையா!
நாங்கள் சண்டை போட்டதெல்லாம்
அந்த நாலு முழ மண்ணில்தான்.
கண்ணாடியில் அவன் என்னைத் தேடியதும்
அங்கேதான்.

இப்போது திரையில் ஒரு பச்சைக் கோடு.
அதற்குக் கோபம் வருவதில்லை.

நேற்றிரவு வில்காக்ஸ் முகாமில் நல்ல மழை.
வண்டி மெல்லப் பின்னால் போக,
பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டபடியே
என் வலது கை
தானாக மேலே போய் நின்றது.

"இன்னும் எவ்வளவு ஆர்லிஸ்?" என்றான்,
திரையைப் பார்க்காமல்.

ஒரு சாண் என்றேன்.
பொய். ஒரு முழமாவது இருந்தது.

ஒரு சாண்தான் நகர்த்தினான்.