ஆள்காட்டிப் புல்வெளி

லிங்கன் நகரத்துப் புறவழிச்சாலை முடிகிற இடத்தில்
எங்கள் குடியிருப்புக்கு ஒரு பறவையின் பெயர்:
ஆள்காட்டிப் புல்வெளி.
முதல் மண்வாரி வந்த அன்றே
பறவை போய்விட்டது.
அதன் பெயர்ப்பலகையைத் துடைக்க
தலைக்கட்டுக்குப் பதினோரு பவுண்டு.

தபால்காரி நான்.
ஜனவரி இரண்டாம் வாரம்
நூற்று நாற்பத்தாறு உறைகள், ஒரே கனம்.
மற்றதையெல்லாம் பிறர் கதவில் தள்ளிவிட்டு
கடைசி ஒன்றை என் கதவில் நானே போட்டு
உள்ளே போய்
நானே குனிந்து எடுக்கிறேன்.

குட்டையைப் பார்வையிட்ட வகையில்.
புல் வெட்டியது பதினான்கு முறை
(நான் எண்ணினேன், ஐந்து).
விளையாட்டுத் திடலின் பாதுகாப்புச் சோதனை.
திடலே இன்னும் வரவில்லை,
அதனால் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது.
இந்தக் கணக்கை எழுதிய கூலி, தனி.
மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.

சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம்.
இங்கே சுண்டைக்காயைக் கண்டவர் யார்?

வேலிக்கு அந்தப்பக்கம் பழைய தெரு.
அவர்கள் கட்டும் நகராட்சி வரிதான் நாங்களும் கட்டுகிறோம்.
அவர்கள் விளக்கு எரிகிறது.
எங்கள் மூன்றாம் கம்பம் அக்டோபரிலிருந்து
கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது.
எங்களுடையது அல்ல, என்கிறது நகராட்சி.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், என்கிறது கம்பெனி,
பின்னால் பியானோ.

முப்பத்தொன்றாம் எண் ஹொரஸ் டனிக்ளிஃப்,
ரயில்வேயில் சிக்னல் போட்டவர்,
மே மாத ஞாயிறொன்றில் பொறுமையிழந்து
தன் இயந்திரத்தை இழுத்துவந்து
பொதுப் புல்லை வெட்டினார்.
எதிர்வீட்டு ப்ரோனிஸ்லாவா எலுமிச்சைச் சாறு கொடுத்தாள்.
பிள்ளைகள் பந்தோடு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கடிதம்.
அனுமதியின்றிப் புல் வெட்டியதற்கு எச்சரிக்கை;
எச்சரித்த கட்டணம் அறுபது.
யார் சொன்னார்களோ.
பறவைதான் போயிற்று,
ஆள்காட்டி இருக்கிறது.

பிறகு அவர் வீட்டை விற்கப் பார்த்தார்,
விட்பியில் மகளோடு இருக்கலாமென்று.
வாங்க ஆளும் வந்தது.
பாக்கியில்லை என்று கம்பெனி எழுதித் தரவேண்டுமாம்.
எழுதித் தர முந்நூறு.
முந்நூறு போனது, எழுத்து வரவில்லை.
ஒன்பது வாரம் காத்திருந்து
வந்தவர்கள் வேறு ஊரில் வாங்கிக்கொண்டார்கள்.
முழுச் சொந்தம் என்று முத்திரையிட்ட பத்திரம்
அவருடைய கரண்டி வைக்கும் இழுப்பறையில்
பத்திரமாக இருக்கிறது.

இன்று காலை நான் தட்டுமுன் கதவைத் திறந்தார்.
உறையைப் பிரிக்கவில்லை. மேலே எழுதியிருந்ததைப் படித்தார்:
வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு.

'இதைத் திருப்பி அனுப்ப முடியுமா?'

'அப்படி ஒருவர் இந்த முகவரியில் இல்லை
என்று எழுதினால் முடியும்.'

நிலைக்கல்லில் கைவைத்து நின்றார்.
என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.
தூரத்து ஓட்டுநருக்கும் தெரியும்படி
பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்,
மூடியைத் திருகியபடி கேட்டார்:

'உன்னுடையதிலும் எழுதித் தரவா?'