ஏழுக்கு முன் எட்டு

தெலோக் பிளாங்கா மேட்டில் அந்த வீட்டை
ஆறு நாள் அளந்தோம்.
லேசர் கருவி, நாடா, ஏணி,
கொசுவுக்குத் தைலம்,
மூன்று மணி மழைக்கு ஒரு தார்ப்பாய்.

கட்டியவன் மக்கால்மன்,
கப்பல்களுக்கு நிலக்கரி விற்றவன்.
ஸ்காட்லாந்தில் தான் பிறக்காத ஏதோ மாளிகையின் வரைபடத்தைத்
தபாலில் வரவழைத்திருக்கிறான்:
மூலையில் கூம்புத் தொப்பி போட்ட கோபுரம்,
படிபடியாய் ஏறி இறங்கும் முக்கோணச் சுவர்,
உறைபனி தங்காமல் வழுக்கி விழச்
செங்குத்தாய் ஒரு கூரை.
பனிக்கென்று செய்த சரிவில்
நூற்றுப் பத்து வருடமாய்
வழுக்கி விழுகிறது வடகிழக்குப் பருவமழை.

அவனை முதலில் திருத்தியது வெயில்.
இரண்டாம் வருடமே கருங்கல்லைப் பெயர்த்துச்
சுற்றிலும் வராந்தா, கறுப்பு வெள்ளைத் தட்டி.
பியானோ நனைகிறதென்று
மனைவி வந்து பாதி வராந்தாவைக் கண்ணாடியால் மூடினாள்.
போரின்போது யாரோ, எந்தப் பக்கத்து யாரோ,
கடல் பார்க்கக் கோபுரத்தில் ஓட்டை போட்டார்கள்.
அப்புறம் தாதியர் விடுதி:
ஒரு கூடம் ஐந்து அறையானது.
அப்புறம் பாலே பள்ளி:
ஐந்து அறையும் மறுபடி ஒரு கூடம்.
கடைசியாய் இத்தாலிய உணவகம்.
நூறு வருடம் புகையே காணாத கணப்பில்
அவர்கள்தான் தீ மூட்டினார்கள்,
பட்டுத்துணித் தீ,
அடியில் மின்விசிறி, ஆரஞ்சு விளக்கு.

எல்லாம் சரி, கணக்குதான் உதைத்தது.
கிழக்குச் சுவர் உயரம் ஒன்று, மேற்கு வேறொன்று.
இரண்டு அங்குலம்.
"மறுபடி அள" என்றாள் சியோக் ஹூன்,
பையில் கட்டிய கோப்பி ஓ-வை உறிஞ்சிக்கொண்டே.
மறுபடி அளந்தேன். இரண்டு அங்குலம்.

பிறகுதான் கண்ணில் பட்டன,
வந்தவர் போனவர் எல்லாரும்
அந்த இரண்டு அங்குலத்துக்குச் செய்த உபசாரங்கள்.
பியானோ நின்ற இடத்தில் ஒரு மர ஆப்பு.
தாதியரின் கதவுகள் ஒருபக்கம் இழைத்தவை.
பாலேக்காரர்கள் கண்ணாடியைச் சாய்த்து மாட்டியிருக்கிறார்கள்.
உணவகத்துச் சரவிளக்குக்கு
ஒரு சங்கிலி மட்டும் நீளம்.

ஐந்தாம் நாள், கூரைக்கு உள்ளே,
வௌவால் எச்சத்தின் மேல் மண்டியிட்டு
ஹஸ்மான் டார்ச் அடித்தார்.
"மிஸ், இது உங்கள் எழுத்துதானே?"

கைமரம் ஒவ்வொன்றிலும் உளியால் வெட்டிய ஓர் எழுத்து.
க. உ. அப்புறம் ங போல ஒன்று. ச. ரு.
தமிழில் ஏ-ஒன் வாங்கியவள் நான்,
எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்,
சொல்லே வரவில்லை.
யாருடைய பெயர்? எந்த ஊர் வசவு?
பத்தாம் மரத்தில் ய என்றிருந்தபோதுதான்
மண்டையில் உறைத்தது.
எழுத்தில்லை. எண்.

கீழே தரையில் கோத்துப் பார்த்து,
எண்ணிட்டு, பிரித்து, மேலே ஏற்றியிருக்கிறார்கள்.
விரல் வைத்து எண்ணிக்கொண்டே தவழ்ந்தேன்:
ஐந்து, ஆறு,
எட்டு,
ஏழு,
ஒன்பது.
சரிவு தொடங்குவது அங்கேதான்.

உச்சி வெயிலா, கங்காணியின் விரட்டலா,
அரை நாள் கூலியைப் பிடித்த கோபமா,
இல்லை, வெறும் கவனப் பிசகா?
மக்கால்மனின் கணக்கேட்டில் இவ்வளவுதான்:
'ஆட்கள், பதினாறு.'

அறிக்கைப் படிவத்தில் மூன்று பத்தி:
மூலம், பிற்சேர்க்கை, குறை.
கோபுர ஓட்டை, பிற்சேர்க்கை.
கரையான், குறை.
இரண்டு அங்குலத்துக்கு வந்ததும் பேனா நின்றது.
அடுத்து வரும் ஹோட்டல்காரர்களுக்குக்
கூரையை நிமிர்த்த ஆசை.
சியோக் ஹூனைப் பார்த்தேன்.
அவள் ஐஸை மென்றாள், ஒன்றும் சொல்லவில்லை.

'மூலம்' என்று எழுதினேன்.
இனி அதைத் தொடவேண்டுமானால்
அரசாங்க அனுமதி வேண்டும்.

மூன்று மணிக்கு மழை வந்தது.
ஹஸ்மான் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார்.
கோபுரம் ஒழுகியது, வராந்தா ஒழுகியது.
எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில்
ஒரு சொட்டு இல்லை.