ஒரு நாள் முன்னால்

டிசம்பர் இருபத்தொன்று.
கப்பலின் வயிற்றிலிருந்து
உப்பு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.
இன்று சூரியன் திரும்புகிறது என்றது வானொலி.
துறைமுகத்தில் ஒருவரும் நிமிரவில்லை.
நிமிர்ந்தால் மட்டும்?
நவம்பர் கடைசியிலேயே தெற்கு மலை
அதை விழுங்கியாயிற்று.
பகல் என்று நாங்கள் சொல்வது
பனிமேல் சில மணி நேரம் படியும்
அலசிய மைப்புட்டியின் நீலம்.

ஊசலாடும் சுமையை எனக்குத் தெரியும்.
வீச்சின் கடைசியில் கொக்கி
ஒரு மூச்சு நேரம் நிற்கும்,
போகாமல், வராமல்.
இறக்க அதுதான் சமயம்.
வருஷமும் இன்று அப்படி நிற்கிறது.
நாளைய பகல் சில நொடிகள் நீளம்;
கையுறை மாட்டக்கூடக் காணாது.

கீழே எடைமேடையில் ஒட்கெயிர்.
மகள் கேட்ட கேள்வியை
வாக்கி-டாக்கியில் என்மேல் தள்ளிவிட்டான்:
பூமி கோபித்துக்கொண்டா விலகிச் சாய்கிறது?

இல்லையென்று சொல் ஹ்ரெஃப்னாவிடம்.
கழுத்துச் சுளுக்கிய ஒருத்தன்
கணப்பைச் சுற்றி நடக்கிறான்.
தலை எப்போதும் ஒரே விண்மீன் பக்கம்.
இந்தப் பக்கம் வருகையில் உச்சந்தலை காயும்,
அந்தப் பக்கம் போகையில் முகவாய்.
நாம் உச்சந்தலையில் குடியிருக்கிறோம்,
அவ்வளவுதான்.
வேடிக்கை என்னவென்றால்
ஜனவரி முதல் வாரத்தில்தான்
அவன் நெருப்புக்கு மிக அருகே போகிறான்.

"அருகில் இருந்தால் போதுமா" என்றான் ஒட்கெயிர்.
அவன் மனைவி ரெய்க்யவிக் போய் மூன்று மாதம்.
நான் நெம்புகோலைத் திருப்பினேன்.

பிறகு நொடிகள் நிமிடங்களாயின.
நாளுக்கு ஐந்து, ஆறு,
மலைக்கு அந்தப் பக்கம்.
எங்களுக்கு முகட்டில் ஒரு செம்மை மட்டும்,
கதவிடுக்கில் யாரோ விளக்கோடு நிற்பதுபோல.

தெருவில் வெயில் விழும் முதல் நாள்
வீட்டுக்கு வீடு பான்கேக்.
மாவு வாங்கியாயிற்று.
அம்மா வருவதாகக் கடிதம்;
அதைக் குளிர்பெட்டிக் கதவில்
ஒட்டி வைத்திருந்தாள் ஹ்ரெஃப்னா.

அதற்கு முந்தின நாள், ஒன்றே முக்காலுக்கு,
முப்பது மீட்டர் உயரத்துக் கிரேன் கூண்டில்
என் முழங்கைமேல் மஞ்சளாக ஏதோ.
கிரீஸ் என்று துடைக்கப் போனேன்.
முகட்டுப் பள்ளத்தில்
நகக்கண் அளவு சூரியன்.
நெம்புகோல், ஃபிளாஸ்க், என் மூக்கு,
எல்லாவற்றுக்கும் நிழல் முளைத்து
மூன்று நிமிடம் இருந்தது.

"மேலே ஏதாவது தெரிகிறதா?"
"மேகம்" என்றேன்.

மறுநாள் ஜாம் ஒட்டிய கையால்
என்னைத் தெருவுக்கு இழுத்தாள் ஹ்ரெஃப்னா:
பார், பார், வந்துவிட்டது!
கண்ணைச் சுருக்கிக்கொண்டு
அப்போதுதான் பார்ப்பவளாகப் பார்த்தேன்.
உள்ளே அவள் அம்மா
கோட்டைக் கழற்றவில்லை.
ஆனால் இரண்டாவது பான்கேக்கை எடுத்தாள்.