எழுபத்தெட்டு முதல் தொண்ணூற்றிரண்டு வரை

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
அதற்கு மேலேயும் ஒன்றுமில்லை.
நடுவில் அந்தப் பதினான்கு கிலோமீட்டருக்குள் மட்டும்
வண்டிக்குக் குளிர்ஜுரம் என்கிறார் ஜெபக்கனி.

கூரை மடங்குகிற சிவப்புக் கார்.
வேளச்சேரியில் என் ஷெட்டுக்குள் அது நுழைந்ததும்
எதிர் டீக்கடையில் இருந்தவர்கள்
பாதிக் கிளாசோடு எழுந்து வந்தார்கள்.
"மெக்கானிக் இல்லையாம்மா?" என்றார்.
நான்தான் என்றேன்.
கொஞ்ச நேரம் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார்.

முதல் கடை முன் டயர் இரண்டையும் மாற்றியிருக்கிறது.
அடுத்த கடை என்ஜின் மவுண்டிங்கை.
புதுப்பேட்டையில் ஒருவர் பானெட்டைக்கூடத் திறக்காமல்
வித்துடுங்க சார் என்றாராம்.

காலை ஐந்தரை. ஈசிஆர்.
கூரை திறந்திருக்கிறது,
உப்புக்காற்று காதுக்குள் குடித்தனம் வந்துவிட்டது.
அக்கரை கேமரா வரை நல்ல பிள்ளைகளாகப் போனோம்.
முட்டுக்காடு பாலம் தாண்டி, "இப்ப மிதிங்க."

எழுபத்தாறு. சாது.
எழுபத்தெட்டில்
கண்ணாடிக்குள் பின்னால் வந்த பால்வண்டி
இரண்டு பால்வண்டியானது.
எண்பத்தைந்தில் என் கடைவாய்ப்பற்கள்
தங்களுக்குள் பேச ஆரம்பித்தன.

"நியூட்ரல்ல போடுங்க சார்."
என்ஜின் குரல் இறங்கியது, நடுக்கம் இறங்கவில்லை.
சரி, என்ஜின் நிரபராதி.
ஸ்டீயரிங்கில் ஒரு விரல் வைத்துப் பார்த்தேன்.
தூங்குகிற பூனை.
சீட்டுக்கு அடியில் உள்ளங்கை வைத்தேன்.
அங்கேதான் இருந்தது.
முன்சக்கரத்து வலி கைக்கு வரும்,
பின்சக்கரத்து வலி உட்கார்ந்த இடத்துக்கு.

கோவளத்தில் நிறுத்திக் கூரையை மூடி
இன்னொரு தரம்.
பாதி குறைந்தது. பாதி அப்படியே.

திரும்பும்போது அவராகவே சொன்னார்:
இருபத்தெட்டு வருஷம் கப்பல் என்ஜின் ரூம்.
சுற்றுமானியில் ஓர் இடத்தில்
சிவப்புப் பட்டை போட்டிருப்பார்கள்.
அந்த வேகத்தில் நிற்கக் கூடாது,
நின்றால் தண்டே முறியும்.
சட்டென்று தாண்டிவிட வேண்டும்.
"இதையும் அப்படித்தான் ரெண்டு வருஷமா
தாண்டிக்கிட்டு இருக்கேன்."

ஷெட். ஜாக்கி. பின் இடது சக்கரம்.
வெளியே பளபளப்பு.
உள்விளிம்பில் டார்ச் அடித்தால்
ஆரக்காலுக்குப் பின்னால் அடைபோல் அப்பியிருந்தது
காய்ந்த களிமண்.
ஸ்குரூடிரைவரால் நெம்பினேன்.
ஒரு நத்தைக்கூடு, ஆகாயத்தாமரை நார்,
பாதி உரிந்த ஷாம்பு பாக்கெட்.
பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசில்
நூற்றுப் பத்து கிராம்.

"தண்ணியே பாக்காத வண்டின்னு சொல்லித்தான் வித்தான்,"
என்றார் அவர். பிறகு பேசவில்லை.

எனக்கு இந்த மண்ணைத் தெரியும்.
என் சுவரில் ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு முழம் மேலே
இன்னமும் அதன் கோடு நிற்கிறது.
இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தேன்,
மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும்.
அந்த வாரம் பேலன்ஸிங் மெஷினை
நான்கு பேர் தூக்கிக் கவிழ்த்தோம்,
அதன் வாயிலிருந்து கெளுத்தி விழுந்தது.

அதே மெஷினில்தான் சக்கரத்தை ஏற்றினேன்.
சுழன்றது. காட்டியது. இரண்டு ஈயத் துண்டு.
பிறகு பூஜ்யம், பூஜ்யம்.

மறுநாளும் ஈசிஆர்.
பால்வண்டி ஒன்றே ஒன்றாக வந்தது.
பாலத்து இணைப்பில் மட்டும் கண்ணாடி லேசாகச் சிலிர்த்தது.
"இது?"
"இது கூரையை வெட்டின உடம்பு சார்.
மூடி இல்லாத பெட்டி கொஞ்சம் முறுக்கத்தான் செய்யும்.
இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."
தலையாட்டினார்.

களிமண்ணை என் பில்லிலேயே பொட்டலம் கட்டி
டேஷ்போர்டு அறையில் வைத்திருந்தார்,
விற்றவன் மேசையில் கொட்டுவதற்காம்.

சாலை காலியானது.
எழுபது, எழுபத்தைந்து.
எழுபத்தெட்டைத் தொட்டதும்
அவர் கால் தானாக அழுந்தியது.
தொண்ணூற்று மூன்றுக்குப் போன பிறகுதான்
மூச்சு விட்டார்.