இரண்டாம் பதிப்பு

இன்றைக்கு நூற்றுப் பதினெட்டு வீடுகள்.
நூற்றுப் பதினெட்டு முன்கதவுகள்.
ஒரு வீட்டையும் முழுதாய்க் கண்டதில்லை நான்.

"அதற்குத்தான் கற்பனை" என்கிறாள் ஹெய்டி ப்ரூபாக்கர்.
வியாழன் இரவு வகுப்பு, நூலகத்தின் நிலவறை,
என்னைவிடப் பதினாறு வயது சின்னவள்.
கண்ணுக்குக் கிடைப்பது ஒரு பக்கம்தான்,
மற்றப் பக்கங்களைக் கொண்டுவந்து ஒட்டுவது அது,
ஒட்டாவிட்டால் வீடே இல்லை, வெறும் நிறம்.
அந்த ஜெர்மன் சொல்லைப் பலகையில் எழுதினாள்.
சரக்கு ரயில் நீளம்.
நடுப்பெட்டியில் படம்,
கடைசிப் பெட்டியில் வலிமை.

எங்கள் சொல்லுக்கு வேறு வேலை இருந்தது.
அகதி விசாரணை மேசையில்
மொழிபெயர்ப்பாளர் செருமிக்கொண்டு கேட்டார்:
"இது உங்கட கற்பனையோ எண்டு கேக்கினம்."
பொய் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.
அடுத்த வாக்குமூலத்தில்
இருட்டைக் குறைத்தேன்,
தேதிகளைக் கூட்டினேன்,
பாலத்தடியில் கேட்ட சத்தத்தை
எடுத்தேவிட்டேன்.
ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த ஜெர்மன்காரரும் அப்படித்தானாம்.
முதல் பதிப்பில் கற்பனைக்கு
ஆன்மாவின் ஆழத்தில் ஒரு தனி அறை கொடுத்தவர்
ஆறு வருடம் கழித்து
அதை அறிவின் வீட்டில் எடுபிடி ஆக்கிவிட்டார்.
"பயந்துவிட்டார் என்பார்கள் சிலர்."
யார் அவரை விசாரித்தது என்று கேட்டேன்.
வகுப்பு சிரித்தது.
நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

முதல் பதிப்பில் இந்த ஊருக்குப் பெயர் பெர்லின்.
போர் நடந்தபோது வாக்கெடுத்துக் கிச்சனர் ஆக்கினார்கள்.
தெருக்கள் அதே தெருக்கள்,
இறைச்சிக் கடையில் அதே சொசேஜ்.

பெப்ரவரி. கடைசிப் பெட்டி.
'பின்பக்கம் வைக்கவும்' என்று குறிப்பு.
முன்னால் செங்கல், பித்தளை இலக்கம், குறையே இல்லாத வீடு.
முழங்கால் பனியில் சுற்றிப் போனால்
பின்சுவர் இல்லை.
மாடியில் ஒரு குளியல்தொட்டி
வானத்தைப் பார்த்தபடி கிடந்தது.
இரண்டு வருடமாய் நான் ஒட்டிவைத்திருந்த சுவரை
ஒரு கணம் பனிக்குள் தேடினேன்.

சுவர் இருந்த இடத்தில் நீலத் தறப்பாள்.
காற்றில் அடித்துக்கொண்டது.
பாலத்தடியில்
அதே சத்தம்.

பெட்டியை வைத்துப் படம் எடுத்தேன்.
'தெளிவில்லை, மீண்டும் எடுக்கவும்' என்றது போன்.
விரலைத் தூக்கியபடி நிற்கிறேன்.
பெயர்ச்சீட்டு நனைகிறது.