எருமைக்கு இடையினம்

காருக்குறிச்சியில் எங்கள் நாலு பேரை ஏற்றி
அம்பாசமுத்திரத்தில் இறக்கிவிட வேண்டும்
காலைப் பாசஞ்சர்.
சீசன் டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருந்தது.
ஆனால் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே
கல்லிடைக்குறிச்சியில் ஆறு இருந்தது.
அம்பையில் முதல் பீரியடு
கணக்குப் பரீட்சை இருந்தது.
இறங்கிவிட்டோம்.

தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடந்தோம்.
பாறையில் காய்ந்த ஞானதிரவியத்தின் டிரவுசர்
சேரன்மகாதேவி பார்க்கக் கிளம்பிற்று,
டிக்கெட் இல்லாமல்.
விரட்டிப் பிடித்து, பிழிந்து, மாட்டி
பாலத்தில் நடக்கையில்தான் ஞாபகம் வந்தது, சீட்டு.

வண்டி லேட்டானால்
ஸ்டேஷன் மாஸ்டர் சீட்டுத் தருவார்.
இங்கிலீஷில் ஒரு வரி,
கீழே தேள் மாதிரிக் கையெழுத்து.
'எருமை அடிபட்டு வண்டி லேட்' என்று முடிவாயிற்று.
எருமைக்கு இங்கிலீஷில் ஒரு எஃப்பா, ரெண்டு எஃப்பா?
பாலத்தின் இந்த முனையில் தொடங்கிய வழக்கு
அந்த முனையிலும் தீரவில்லை.
"தமிழ்லயே எழுதித் தொலைலே."

சேக் மைதீனுக்குத்தான் முத்து முத்தான கையெழுத்து.
எ போட்டுவிட்டு நிமிர்ந்தான்.
எந்த ரு?
சொரிமுத்து சொன்னான்:
"எறும்புக்கே வல்லினம் போடுதோம்.
இம்புட்டுப் பெரிய எருமைக்கு
இடையினமாலே போடுவ?"
யாரிடமும் பதில் இல்லை.
எறுமை என்று அழுத்தி எழுதினான்.
தேளை நான் வரைந்தேன்.

ஹெட்மாஸ்டர் கோமதிநாயகம் சார்
சீட்டைப் பார்த்தார். எங்கள் தலையைப் பார்த்தார்.
"வண்டிக்குள்ள மழையோ?"
"ஜன்னலோரம் சார்" என்றான் ஞானதிரவியம்.
"யாரு வீட்டு எருமைடே?"
அந்தக் கேள்வியை நாங்கள் படித்துக்கொண்டு போகவில்லை.
"எங்க வீட்டுது சார்" என்றான் சொரிமுத்து.
"பேரு பூரணம் சார். சினை சார்."
சொல்லச் சொல்லவே அழுதுவிட்டான்.
அவனைப் பார்த்து நாங்களும் அழுதோம்.
அந்த அழுகை மட்டும் நிஜம். ஏனென்று
இன்றுவரை தெரியவில்லை.

சார் சிவப்புப் பேனாவை எடுத்தார்.
று-வைச் சுற்றி ஒரு வட்டம்.
"நாலு பேரும் நூறு நூறு தடவ. எருமை.
இடையின ரு."
சொரிமுத்து அழுகையை நிறுத்தினான்.
"ஸ்டேஷன் மாஸ்டர் தப்பா எழுதுனதுக்கு
நாங்க எதுக்கு சார் இம்போசிஷன் எழுதணும்?"
நியாயமான கோபம் அவனுக்கு.
சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
முதுகு மட்டும் கொஞ்ச நேரம் குலுங்கிற்று.
"அவருக்கு ஆயிரம் சோலி கெடக்குடே.
நீங்க சும்மாதான இருக்கிய."

சாயங்காலத்துக்குள் நானூறு எருமை.
காருக்குறிச்சித் தொழுவமெல்லாம் சேர்த்தாலும் கொள்ளாது.

கதை அங்கே முடிந்திருக்கும்.
சார் வீட்டுக்குப் பால் ஊற்றுவது
சொரிமுத்துவின் அய்யா மூக்காண்டி.
ஞாயிற்றுக்கிழமை காலையில் சார் வீட்டம்மா
வாசலில் வைத்தே துட்டி கேட்டுவிட்டாள்:
"பூரணம் போயிட்டாமே, பாவம், சினையாம்லா?"
மூக்காண்டி கொஞ்சம் முழித்தார்.
பிறகு துண்டால் கண்ணைத் துடைத்தார்.
"ஆமம்மா. ஒரு கறவ கொறஞ்சுபோச்சு.
லிட்டருக்கு நாலணா கூட்டித் தரணும்."

பூரணம் அப்போது வாய்க்காலில்
மூக்கு மட்டும் வெளியே தெரிய
அசை போட்டுக்கொண்டு கிடந்தது.
அதற்கப்புறம் நாலு ஈத்து ஈன்றது.
அடி வாங்கத் தயாராய் ரெண்டு சட்டை போட்டுக்கொண்டு
வீட்டில் உட்கார்ந்திருந்த சொரிமுத்துவுக்கு
அய்யா நாலணா கொடுத்தாராம்.
கணக்குப் பரீட்சைக்கே போகாதவன்
சம்பாதித்த முதல் காசு.

சேக் மைதீன் இப்போது வீரவநல்லூரில்
பத்திரம் எழுதுகிறான்.
கிணறு, வரப்பு, தென்னை, தொழுவம் என்று
மளமளவென்று போகுமாம் பேனா.
தொழுவத்துக்கு அடுத்து மட்டும்
ஒரு நொடி நிற்குமாம்.