ஏழாவது அச்சு

வூச் நகரில், பழைய நூலாலையின் மூன்றாம் மாடியில்
ஒரு சிவப்பை ஆறு முறை தவறவிட்டிருக்கிறோம்.

மூல ஓவியம் சுவரில் சாய்ந்து நிற்கிறது.
இரண்டு மீட்டர் உயரம்.
மேலே சிவப்பு, கீழேயும் சிவப்பு,
நடுவில் எங்கோ ஒன்று மற்றொன்றாகிறது.
அதற்கு விளிம்பு இல்லை.
ஸ்கேனர் அதை விளிம்பு என்றது,
ஒரு திங்கட்கிழமை முழுதும் அதிலேயே போயிற்று.
தூசி, முடி, கீறல் எல்லாம் திரையிலேயே துடைத்தேன்.

பஞ்சுக் காகிதம். முந்நூற்றுப் பத்து கிராம். அமிலம் கிடையாது.
நூறு ஆண்டுக்குச் சாயம் வெளுக்காது என்று
மைப்பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.
அந்த எழுத்து இப்போதே மங்கல்.

'யாருக்குத் தெரியப்போகிறது?' என்கிறான் ஸெனோன்.
'முப்பது பிரதி, பல் மருத்துவமனைக்கு.
வாயைப் பிளந்து படுத்திருப்பவர்கள்
கூரையைத்தானே பார்ப்பார்கள்.'

மஞ்சளில் ஒரு புள்ளி கூட்டி,
மெஜந்தாவில் அரைப்புள்ளி குறைக்கிறேன்.
விளக்கடியில் இரண்டும் ஒன்று.
ஜன்னலுக்குக் கொண்டுபோனால் எங்களுடையது
பொய் சொன்னவன் காதுபோலச் சிவக்கிறது.

இந்தக் கட்டடத்துக்கு அடியில் ஓர் ஆறு,
குழாய்க்குள் ஓடுகிறது.
ஒரு காலத்தில் ஆலையில் அன்று என்ன நிறமோ
அதுதான் ஆற்றுக்கும்.
அதை யாரும் விளக்கடியில் வைத்துப் பார்த்ததில்லை.

பதினொரு மணிக்கு ஓவியரின் தங்கை இர்மினா வந்தார்,
மேல்கோட்டில் பாதி கரைந்த பனியோடு.
சிவப்பைப் பார்க்கவே இல்லை.
குனிந்து, இடது கீழ்மூலையில்
மூக்கு காகிதத்தில் படும்வரை போனார்.

'இங்கே ஒரு கொசு இருக்குமே?'

இருந்தது. நான்தான் அழித்தேன்.
தூசி என்று நினைத்து.

'ஜூன் மாதம், ஜன்னல் திறந்திருந்தது.
அக்கா அதைத் திட்டித் தீர்த்தாள்.
எடுத்தால் அது உட்கார்ந்த சிவப்பும் போய்விடும் என்று
விட்டுவிட்டாள்.'

கொசுவைத் திரும்பக் கொண்டுவந்தேன்.
ஆறு கால், ஒன்று மடங்கியது.
இறக்கையில் வண்ணம் ஏறிய இடம்.
ஏழாவது அச்சு ஈரத்தோடு வெளியே வந்தது.
கொசு தட்டையாகப் படுத்திருந்தது, நலமாக.

'சிவப்பு?' என்றேன்.
'அது பரவாயில்லை' என்று
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
கையெழுத்திட்டார்.

ஸெனோன் என் பக்கம் திரும்பவில்லை.
அவன் முதுகு சிரித்தது.

முப்பது கொசுக்களைச் சுருட்டி
முப்பது குழல்களில் அடைத்தோம்.
வரவேற்பறையில் மாட்டுவார்கள்.
ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருபவர் யாராவது
கிட்டே போய், பாதி வாய் மரத்திருக்க,
அதை ஊதிவிடப் பார்ப்பார்.